மழை வாசல் வழியாகவா வரும்?

பெயின்ட் அடித்த பிளைவுட் சுவரைக் காட்டி, "இது வெளிச்சுவருக்கு ஆனதுதானா?" என்று யாராவது உங்களைக் கேட்டால், முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். வீடு வாங்கப் போகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்லும் இந்தத் தொழிலில் கடைசிவரை எனக்குக் கைவராத வித்தை அது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கருவிகளை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. ஈரம் அளக்கிற கருவியை நானே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ம்ம்" என்று ஆழமாகத் தலையாட்டியிருக்கிறேன். என் முழங்கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே வேலையை விட்டுவிட்டதால் வயதுக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றவன் நான். என் கதைகளை வீட்டில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் புதியவர்கள், எழுந்து போகத் தயங்குவீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

பிளைவுட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள புனேயில் புத்தகம் தேவையில்லை. பேக்கரிக்குப் போய்க் காரி வாங்குங்கள். ஏடு ஏடாக, மொறுமொறுவென்று, டீயில் தோய்த்துத் தின்கிற அந்த உப்பு பிஸ்கட்தான். பிளைவுட்டும் அந்த ஜாதி: மெல்லிய மர ஏடுகளுக்கு நடுவே பசை தடவி அடுக்கி அழுத்தியது. வீட்டுக்குள் அலமாரி செய்கிற கமர்ஷியல் பிளையின் பசைக்குத் தண்ணீர் ஆகாது. நாலு மழை நன்றாக அடித்தால் அது டீயில் விழுந்த காரி. வெளியில் போட வேண்டிய வாட்டர்ப்ரூஃப் பிளையின் பசை கொதிக்கிற தண்ணீருக்கே அசையாது. ஆனால் மேலே பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் சிரிக்கும்.

தணிகாசலம் அண்ணன் புனே கோர்படியில் ராணுவ ஸ்டோர்ஸ் ஒன்றில் கிளார்க். வேலூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அவர் மனைவி வசந்தா அக்கா பள்ளிக்கூட டீச்சர். ஊர் ஓரத்து நிக்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மர வீட்டைப் பார்த்து அக்கா மனதைப் பறிகொடுத்துவிட்டார். கருங்கல் அடித்தளம், தேக்குச் சட்டங்கள், வெளிச்சுவர் முழுக்கப் பிளைவுட், அதன்மேல் ஆகாய நீலப் பெயின்ட். இருவரும் வேலை பார்த்துச் சேர்த்ததெல்லாம் அந்த நீலத்துக்குள் போகவிருந்தது. அந்தப் பக்கத்தில் ஜூனில் இறங்கும் மழை லேசில் விடாது. பலகை தப்பானது என்றால் மிச்ச வாழ்க்கையை அவர்கள் காரிக்குள் குடியிருந்து கழிக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கிற அன்றே கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்கு வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொல்லிடுங்க."

"பாக்கறதுக்கு முன்னாடியேவா அண்ணே?"

"மர வூடு தம்பி. இத்தன வருஷம் செங்கல் குவார்ட்டர்ஸ்ல பக்காவா இருந்துட்டு, இப்ப தீப்பெட்டில குடியிருக்கச் சொல்றா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க ஆபீசர் மாதிரி இருக்கீங்க, நீங்க சொன்னா கேப்பா."

என்னை ஆபீசர் மாதிரி என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். என் பெண்டாட்டி அந்தப் போனைக் கேட்டிருந்தால் ராங் நம்பர் என்று வைத்திருப்பாள்.

மறுநாள் அந்த வீட்டு கேட்டில் நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் வசந்தா அக்கா வந்து நின்றார். தலையில் மல்லிகைப் பூ, கண்ணில் பரீட்சை ஹாலில் டீச்சர்கள் வைத்துக்கொள்கிற அந்தப் பார்வை.

"அவரு உங்ககிட்ட தனியா போன் பேசினாரா?"

"பேசினாருக்கா. வழி சொன்னாரு."

"எந்த வழி? வேணாம்னு சொல்ற வழியா?"

நான் என் பையின் ஜிப்பை மிகவும் கவனமாகத் திறந்து மூடினேன்.

வீட்டுக்காரர் மராத்திக்காரர். இங்கே பெரியவர்களைக் காகா என்றும் அவர்கள் மனைவியைக் காகூ என்றும் கூப்பிடுவது பழக்கம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர்கள் மராத்தியும் இந்தியுமாகப் பேசியதை என் தமிழில் தருகிறேன். காகா என்னைப் பார்க்கவில்லை, என் பையைத்தான் பார்த்தார்.

"அதுக்குள்ள என்ன இருக்கு? விலையக் குறைக்கிற மெஷினா?"

ஆக, காகா என்னைச் சந்தேகப்பட்டார். அக்கா என்னையும் தன் புருஷனையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார். அண்ணனுக்கு வீட்டின் மேலேயே சந்தேகம். எனக்கு எல்லோர் மேலும். காகூ மட்டும் யாரையும் சந்தேகப்படாமல் டீ போட உள்ளே போனார்.

முதல் சந்தேகம் மூக்கில் ஏறியது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. விற்கப்போகிற வீட்டுக்குப் புதுப் பெயின்ட் என்றால், கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை தலைக்கு டை அடிப்பது போல. எதையோ மறைக்கத்தான்.

"பெயின்ட் புதுசு போல காகா?"

"ஹோலிக்குப் பசங்க கலர் அடிச்சு நாசம் பண்ணிட்டுப் போயிட்டாங்க. அதான் அடிச்சேன்."

நியாயமான பதில். நியாயமான பதில்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் சந்தேகம்.

காகா எங்களை முன்வாசலுக்கு அழைத்துப் போனார். அகலமான வராந்தா, மேலே தாழ்வான ஓட்டுக் கூரை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டு, வார்னிஷ் பூசி, சுற்றி மரச்சட்டம் அடித்திருந்தார். சாமி படம் மாதிரி. உள்ளே பலகையின் முத்திரை தெளிவாகத் தெரிந்தது: வெளிப்புறத்துக்கு ஆனது, கொதிநீர் தாங்கும் என்ற தரக்குறி.

"படிச்சுப் பாருங்க. கண்ணாடி வேணுமா?"

படித்தேன். அசல் முத்திரைதான். காகா பக்கத்திலிருந்த காலிங்பெல் பெட்டியின் மூடியையும் கழற்றி, ஓட்டைக்குள் தெரிந்த பலகையின் ஓரத்தைக் காட்டினார். ஏடுகளுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகப் பசைக்கோடு. நல்ல பசை அநேகமாக அந்த நிறத்தில்தான் இருக்கும்.

"போதுமா தம்பி?" என்றார் அக்கா. குரலில் அத்தனை நிம்மதி. பின்னால் நின்ற அண்ணன் கண்ணாலேயே என்னிடம் "போதாதுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

இங்கேதான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். 'போதும்' என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. சொல்லியிருந்தால் காகூவின் டீயை நிம்மதியாகக் குடித்துவிட்டு வீடு திரும்பியிருப்பேன். ஆனால் கறுப்புக் கோட்டை முழுசாக நம்ப முடியாது. மட்டமான பசையிலும் கறுப்புச் சாயம் கலக்கிறவர்கள் உண்டு. என் மீசையையே பாருங்கள். முத்திரையோ தான் குத்தப்பட்ட அந்த ஒரு பலகையைப் பற்றித்தான் பேசும். பக்கத்துப் பலகைக்காக ஜாமீன் நிற்காது. அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. கேட்பதற்கு முன்பே சாட்சி சொல்ல ஓடி வருகிறவரை எந்த வக்கீலும் நம்புவதில்லை.

"பின்பக்கம் போலாமா காகா?"

"பின்னாடி என்ன இருக்கு? வெறும் சுவர்தான்."

வெறும் சுவரை ஒட்டி வரிசையாகப் பூந்தொட்டிகள், இடைவெளியே இல்லாமல். அவற்றை நகர்த்த வேண்டும் என்றேன். செடி வாடிவிடும் என்றார் காகா. அவர் சொல்லி முடிப்பதற்குள் தணிகாசலம் அண்ணன் வெள்ளைப் பேன்ட்டோடு முதல் தொட்டியைத் தூக்கிவிட்டார். அப்படி ஒரு உற்சாகத்தை அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் கீழே குனிந்தேன். என் வயிறு எனக்கு முன்னால் குனிந்தது. பலகையின் அடி ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். மேலே இருப்பதைவிட அடியில் கொஞ்சம் தடிமன். பெயின்ட்டும் முன்பக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அடித்துக் கொஞ்ச நாளிலேயே அதில் முடி மாதிரி மெல்லிய விரிசல்கள். மலைப்பக்கத்து மழை நேராக வந்து அடிக்கிற சுவர் அது. மறைக்கக் கூரையும் இல்லை.

சந்தேகம் பலமாகிவிட்டது. ஆனால் சந்தேகம் தீர்ப்பு இல்லை. ஓரத்தைச் சரியாக அடைக்காவிட்டால் நல்ல பிளைகூட அடியில் கொஞ்சம் ஊதும். மட்டமான பெயின்ட் நல்ல பலகை மேலும் விரியும்.

"தம்பி, எந்திரிக்கிறதுக்குக் கை குடுக்கவா?" என்று கேட்டு என்னைத் தூக்கி நிறுத்திய அக்கா, கையை விடாமலே கேட்டார்: "சொல்லுங்க. ஆகும்னா ஆகும், ஆகாதுன்னா ஆகாது."

"தெரியலக்கா."

"தெரியலையா?"

"தெரியலன்னு சொல்றதுக்கா தம்பி உங்கள கூப்டோம்?" என்றார் அண்ணன்.

காலையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போன ஒரே இடம் அது. காகா முகத்தில் புன்னகை வந்தது. 'ஆகும்' என்றால் அக்காவுக்கு நல்லவன், 'ஆகாது' என்றால் அண்ணனுக்கு நல்லவன், 'தெரியல' என்றால் உலகத்திலேயே யாருக்கும் நல்லவன் இல்லை. அப்போதும் தெரியாவிட்டால் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழியையும் உடனே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அடி விழும்.

"ரெண்டு பக்கமும் காசளவு துண்டு எடுத்து, கொதிக்க வச்சுப் பாத்துடலாம்."

"என் வீட்டுல ஓட்டை போடப் போறீங்களா?" என்றார் காகா.

"முன்னாடி பெல் பெட்டிக்கு உள்ளே ஒண்ணு. பின்னாடி எக்ஸாஸ்ட் ஃபேன் மூடிக்கு அடியில ஒண்ணு. வெளியே தெரியாது, நானே அடைச்சுக் குடுத்துடறேன்."

காகா அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தார். சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து காகூவின் குரல் வந்தது. "போடட்டும்."

காகா போய் பெல் பெட்டியின் மூடியை மறுபடி கழற்றினார்.

வட்ட ரம்பத்தால் துண்டு எடுத்தால் நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். இரண்டு துண்டும் கைக்கு வந்ததும் அக்கா அவற்றைப் பிடுங்கிக்கொண்டார். தலையிலிருந்த பூவை இழுத்து, பூ கட்டிய நூலைப் பிரித்து, துளைகளில் கோத்தார். முன்சுவர்த் துண்டுக்கு ஒரு முடிச்சு, பின்சுவர்த் துண்டுக்கு இரண்டு முடிச்சு.

"யாரும் மாத்த முடியாது," என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது காகாவை இல்லை, என்னை.

"பழைய பாத்திரமா குடுங்க காகூ. இதுக்கப்புறம் அது சமையலுக்கு ஆகாது," என்றேன். கைப்பிடி போன பால் பாத்திரம் ஒன்றைக் காகூ மனசில்லாமல் எடுத்துக் கொடுத்தார். இந்த வேலைக்குப் போகும்போது உங்கள் பாத்திரத்தை நீங்களே கொண்டுபோங்கள். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைக் கெடுத்தவனை அந்த வீட்டு ஜன்னல்கூட மன்னிக்காது.

ஒரு அடுப்பில் வீடு கொதித்தது. இன்னொரு அடுப்பில் டீ கொதித்தது. சின்னச் சமையலறையில் நாங்கள் எல்லோரும் தோளோடு தோள் நின்று பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் நகர்ந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தோம். காகா ஒரு தடவை தும்மியதற்கு அண்ணன் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

நேரம் போகப் போக எனக்குள்ளே ஒன்று நடந்தது. பின்சுவர்த் துண்டு பிரிய வேண்டும் என்று நான் ஆசைப்பட ஆரம்பித்துவிட்டேன். தொட்டியை நகர்த்தச் சொல்லி, சுவரில் ஓட்டை போட்டு, பாத்திரத்தைக் கெடுத்து, கடைசியில் பலகை நல்லதாக இருந்துவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அப்படி ஓர் ஆசை வந்த பிறகு என் கையையே நான் நம்பக்கூடாது. பதமாகிவிட்ட துண்டைக் கொஞ்சம் அழுத்தி முறுக்கினால் நல்ல பலகையைக்கூடக் கெட்டதாகக் காட்டிவிடலாம். இடுக்கியை அக்காவிடம் கொடுத்தேன்.

"நீங்களே எடுங்கக்கா."

"நானா?"

"உங்க வீடுதான."

முதலில் ஒரு முடிச்சு வந்தது. அக்கா ஆறவிட்டு, நகத்தை ஏடுகளுக்கு நடுவே நுழைக்கப் பார்த்தார். நகம்தான் மடங்கியது. கல் மாதிரி இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு இரண்டு முடிச்சைத் தூக்கினார். நூலில் தொங்கியதே விரிந்துதான் தொங்கியது. தட்டில் வைத்ததும் ஏடு ஏடாகச் சரிந்தது. டீயோடு காகூ கொண்டுவந்து வைத்திருந்த காரித் தட்டு அது. எது தின்கிற காரி, எது சுவர் என்று ஒரு கணம் எனக்கே குழப்பம்.

பிறகு காகா, "கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றார்.

"எந்தக் கடைக்காரன்?" என்றார் காகூ. அதுவரை அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்கவில்லை. "நல்ல பலகை எல்லா சுவருக்கும் போதலன்னதும், வாசப்பக்கம் இத அடி, பின்னாடி யாரு வந்து பாக்கப் போறான்னு ஆசாரிகிட்ட சொன்னது யாரு? நான் அன்னிக்கே கேட்டேன், மழை வாசல் வழியாவா வரும்னு."

காகா காரியை எடுத்தார், தின்னாமல் திரும்ப வைத்தார்.

ஒன்று சொல்கிறேன். அவர் பெரிய மோசக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. வருகிறவர்களுக்குப் புது டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டு நாம் நசுங்கின டம்ளரில் குடிப்பதில்லையா, அந்தப் புத்திதான். அந்த வீட்டிலேயே மிக உசத்தியான பலகை, மழையே படாத வராந்தாக் கூரைக்கு அடியில் சட்டம் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மட்டமானது பின்னால் நின்று மொத்த மழையையும் வாங்கிக்கொண்டிருந்தது. பக்கச் சுவர்களையும் அதே மாதிரி சோதித்தோம், அவை தேறிவிட்டன. பின்சுவர்தான் போச்சு.

இனி தணிகாசலம் அண்ணன் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு துண்டுகளையும் கையில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டோர்ஸ்ல சரக்கு வரும் தம்பி," என்றார் கடைசியில். "எது பெயிலோ அதத் திருப்பி அனுப்புவோம். பாஸானத உள்ள எடுத்துக்குவோம். லாரியோட திருப்ப மாட்டோம்."

"அதுக்கு?"

"மர வூடுன்னாலே பயமா இருந்துச்சு. எங்க பயப்படணும்னு தெரியாததால எல்லாத்துக்கும் பயந்தேன். இப்ப தெரிஞ்சுபோச்சு, பின்சுவரு. அத மாத்திக் குடுக்கட்டும், வாங்கிக்கலாம்."

"வேணாம்," என்றார் அக்கா.

"நீதானடி..."

"முத்திரைய சட்டம் போட்டு மாட்டி வச்சிருந்தாரு. நான் கும்பிடாத குறை. வேணாம்." பிறகு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினார். "நேத்து வரைக்கும் வேணாம்னீங்க. சுவரு பிரிஞ்சு தட்டுல கிடக்கு, இப்ப வேணுங்கறீங்க. தம்பி, நீங்க ரெண்டு பேரும் என்ன பேசி வச்சிருக்கீங்க?"

நான் டீ டம்ளருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முடித்துவைத்தது காகூதான். பின்சுவர் முழுசையும் மாற்றித் தருகிறோம், பெயின்ட் அடிக்காமல் வைத்திருக்கிறோம், பார்த்துத் திருப்தி என்றால் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் போய்விடுங்கள் என்றார். அக்கா தட்டிலிருந்த பூ நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார்.

"யாரு பாக்கறது? நான்தான் பாப்பேன்."

"நீயே பாரு," என்றார் காகூ.

நீங்கள் எழுதிக்கொள்ள ஆசைப்பட்டால் இந்த ஒரு வரியை எழுதிக்கொள்ளுங்கள்: பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் கூப்பிடச் சொல்ல வேண்டும். பெயின்ட்டுக்குப் பிறகு நாம் போனால் ஓட்டை போட வேண்டியிருக்கிறது, பாத்திரம் கெடுகிறது, புருஷனும் பெண்டாட்டியும் கட்சி மாறுகிறார்கள்.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை என் சொந்தப் பாத்திரத்தோடு போனேன். பின்சுவர் முழுக்கப் புதுப் பலகை, பெயின்ட் படாத வெறும் மரமாக, ஒவ்வொன்றிலும் முத்திரை வெளியே பார்த்து நின்றது. நான் பையைத் திறந்து ரம்பத்தை எடுத்தேன்.

"அத உள்ள வைங்க தம்பி," என்றார் அக்கா.

வராந்தாக் கம்பியில் மாலை மாதிரி ஒன்று தொங்கியது. பூ நூலில் கோத்த பலகைத் துண்டுகள். ஆசாரி வந்து அறுக்கும்போதே கூட நின்று, ஒவ்வொரு பலகையிலிருந்தும் ஒரு துண்டு வாங்கி, எந்தத் துண்டு எந்தப் பலகை என்று முடிச்சுப் போட்டு, காகூவோடு சேர்ந்து எல்லாவற்றையும் கொதிக்க வைத்திருந்தார். ஒவ்வொன்றாக நகம் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிரியவில்லை.

"அப்ப நான் எதுக்குக்கா?"

"நீங்க சொன்னா நம்பறதுக்கா கூப்டோம்? கையெழுத்து போடறோம், கூட இருங்கன்னுதான் கூப்டோம். அவருக்கு இன்னும் பயம் போகல."

அண்ணன் பேனாவை இரண்டு தடவை திறந்து மூடினார். ஆனாலும் போட்டார். அக்கா ஒருதரம் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். ஓரங்களை நன்றாக அடைத்த பிறகுதான் பெயின்ட் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். "தெரியும்," என்றார்கள் அக்காவும் காகூவும், ஒரே நேரத்தில்.

பிறகு காகூ எல்லோருக்கும் டீயும் காரியும் கொண்டுவந்தார். அத்தனை பலகையையும் எந்தப் பாத்திரத்தில் வேகவைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தொழில் பழக்கம், டம்ளரை மெதுவாக மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். இஞ்சி வாசனைதான் வந்தது. இருந்தாலும் காகா முதலில் ஒரு வாய் குடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவரும் டம்ளரை வாயில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.